ஓவியத்தின் அடியில் உள்ள பலகை

1931ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரத்துத் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில் ஒரு சிறு விந்தை நடந்தது. ஆந்திரேய் ரூப்ளேவ் என்னும் துறவி தீட்டிய 'திரித்துவம்' என்ற புகழ்பெற்ற ஓவியம் அங்கே இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது அது. துணியில் அல்ல, மரப்பலகையில் தீட்டப்பட்டது. உயரம் ஏறத்தாழ 142 செ.மீ.; அகலம் 114 செ.மீ. பலகைகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு விட்டிருந்தது. ஓவியத்தைத் தனி அறை ஒன்றுக்கு மாற்றினார்கள். அந்த அறைக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீத அளவில் இருக்கும்படி பார்த்துக் கொண்டார்கள். ஆணி அடிக்கவில்லை, கயிறு கட்டி இறுக்கவில்லை. சுமார் ஒன்றரை மாதத்தில் பிளவு ஏறக்குறைய மூடிக் கொண்டது.

மூடியது யார்? காற்றில் இருந்த நீராவிதான். மூலக்கூறு மூலக்கூறாக மரத்துக்குள் நுழைந்து, பலகையை அகலமாக்கி, பிளவின் இரு கரைகளையும் நெருங்கச் செய்துவிட்டது. அப்படியானால் இதற்கு நேர்மாறான கேள்வியையும் நாம் கேட்க வேண்டும். காற்று வறண்டால் என்ன ஆகும்? இப்படிச் சுருங்கியும் விரிந்தும் கொண்டிருக்கும் ஒரு பொருளின் மேல் தீட்டிய ஓவியம் ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் எப்படி நிலைத்தது? விடை ஓவியனின் தூரிகையில் இல்லை. அவன் தூரிகையைத் தொடுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே பலகை தயார் செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது.

கிழக்கத்தியக் கிறிஸ்தவ சபைகளில், அதாவது கிரேக்கம், ரஷ்யா, பல்கேரியா, செர்பியா முதலிய நாடுகளில், வழிபாட்டுக்கு உரிய இத்தகைய படங்களை 'ஐகான்' என்பார்கள். உருவம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. செல்பேசித் திரையில் நீங்கள் தொடுகின்ற சின்னஞ்சிறு குறிகளுக்கும் இதே பெயர்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஐகான் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அடியில் இரண்டு, மூன்று செ.மீ. தடிப்புள்ள மரம். அதன்மேல் பசை. அதன்மேல் ஒரு லினன் துணி. துணியின்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, ஓரிரு மில்லிமீட்டர். அதற்கும் மேலே முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம், தலைமயிரின் தடிப்பு அளவுக்கு. கண்டு வணங்குவது இந்தக் கடைசி அடுக்கை மட்டுமே. உழைப்பின் பெரும்பகுதி அதன் அடியில் மறைந்து கிடக்கிறது.

முதலில் மரத்தைப் பார்ப்போம்.

ஐப்பசி மழையில் உங்கள் வீட்டுக் கதவு நிலையோடு இறுகிக் கொள்வதையும், பங்குனி வெயிலில் அதே கதவு தாராளமாகத் திறப்பதையும் பார்த்திருப்பீர்கள். கதவு அகலவாட்டில்தான் இறுகுகிறது, உயரவாட்டில் இறுகுவதில்லை. இதைக் கவனித்தீர்களா? மரம் என்பது நீளமான நுண்குழாய்களின் கட்டு. ஒவ்வொரு குழாயின் சுவரிலும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் ஏறக்குறைய மரத்தின் நீளவாக்கிலேயே அடுக்கப்பட்டுள்ளன. செல்லுலோஸ் மூலக்கூற்றில் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏராளம். நீர் மூலக்கூறுகள் அவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக் கொள்கின்றன. ஆனால் அவை நுழைவது இழைக்கும் இழைக்கும் இடையே. எனவே இழைகள் பக்கவாட்டில் விலகுகின்றன, நீளம் மாறுவதில்லை. ஒரு கட்டு ஈர்க்குக் குச்சிகளுக்கு நடுவே வேறு குச்சிகளைச் செருகிப் பாருங்கள். கட்டு பருக்கும்; நீளாது. மரத்தின் கதையும் அதுவே.

பச்சை மரத்தில் இரண்டு வகை நீர் உண்டு. குழாய்களின் உள்ளே வெறுமனே நிரம்பியிருக்கும் நீர் ஒன்று. சுவர்களில் பிணைந்திருக்கும் நீர் மற்றொன்று. மரத்தை வெட்டிப் போட்டதும் முதலில் வெளியேறுவது குழாய் நீர். அது போகும்போது மரத்தின் எடைதான் குறையும், அளவு குறையாது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் என்ற அளவுக்கு நீர் குறைந்த பிறகு சுவர் நீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. முழுவதும் உலர்ந்து முடிவதற்குள் நீளவாக்கில் 0.1 அல்லது 0.2 சதவீதமே சுருங்கும். ஆண்டு வளையங்களை வெட்டிச் செல்லும் ஆரத் திசையில் மரத்துக்கு மரம் 3 முதல் 6 சதவீதம் வரையில் சுருங்கும். வளையங்களைத் தொட்டுச் செல்லும் தொடுகோட்டுத் திசையிலோ இது ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஒரே மரத்துண்டு மூன்று திசைகளில் மூன்று விதமாகச் சுருங்குகிறது! பலகையில் வேலை செய்கிறவர்களின் தொல்லைகள் எல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன என்று நான் சொல்வேன்.

சிறு கணக்கு ஒன்று போடலாம். 20 டிகிரி வெப்பநிலையில், ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள காற்றில் நெடுநாள் கிடக்கும் மரத்தில் சுமார் 9 சதவீதம் நீர் தங்கும். ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதமானால் சுமார் 13 சதவீதம் தங்கும். தொடுகோட்டுத் திசையில் மொத்தச் சுருக்கம் 9 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். நீர் 30 சதவீதத்திலிருந்து பூஜ்யம் ஆவதற்குள் இந்தச் சுருக்கம் நேர்கிறது. ஆகவே நீரில் ஒவ்வொரு சதவீத மாற்றத்துக்கும் 0.3 சதவீத அகல மாற்றம். நீர் 4 சதவீதம் கூடினால் அகலம் 1.2 சதவீதம் கூடும். 114 செ.மீ. அகலமுள்ள பலகைக்கு இது 1.4 செ.மீ. அளவுக்கு வரும்! ஆரத் திசையில் அறுத்த பலகையானால் இதில் பாதி. மேற்பூச்சும் பின்சட்டங்களும் இருப்பதால் உண்மையில் இவ்வளவு நடக்காது. என்றாலும் 1931ஆம் ஆண்டுப் பிளவு மூடிக் கொண்டதில் மாயம் ஒன்றுமில்லை என்பது இப்போது விளங்கும்.

ரஷ்யக் கைவினைஞர்கள் பெரிதும் விரும்பியது 'லிண்டன்' மரம். ரஷ்ய மொழியில் 'லீப்பா' என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'லைம்' என்றும் ஒரு பெயர் உண்டு. எலுமிச்சைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. மென்மையான மரம், கணுக்கள் குறைவு, இழை சீராக ஓடும், பிசின் வடியாது. பைன் மரத்தில் பிசின் உண்டு. கணுவுள்ள இடமும் பிசினுள்ள இடமும் பசையைச் சரியாக ஏற்பதில்லை. ஆயினும் லிண்டன் கிடைக்காத வடக்குப் பகுதிகளில் பைனையும் ஸ்புரூஸையும் பயன்படுத்தினார்கள். தெற்கே கிரேக்க நாடுகளில் சைப்ரஸ் மரம் வழங்கியது. எகிப்தில் ரோமானியர் காலத்தில் இறந்தவர்களின் உருவத்தை மெல்லிய பலகைகளில் தீட்டி மம்மிகளோடு வைத்தார்கள். அவற்றில் பலவும் உள்ளூர் மரத்தால் ஆனவை அல்ல, கடல் கடந்து ஐரோப்பாவிலிருந்து வந்த லிண்டன் மரத்தால் ஆனவை என்று நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓவியப் பலகைக்கு எந்த மரம் ஏற்றது என்பதை அவ்வளவு பழங்காலத்திலேயே கண்டிருந்தார்கள்.

வெட்டிய மரத்தை உடனே பயன்படுத்துவதில்லை. நிழலில், காற்றாட, ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைப்பார்கள். பிறகு கோடாலியாலும் வாய்ச்சியாலும் செதுக்கிச் சமன் செய்வார்கள். இப்போது ஒரு முக்கியமான முடிவு எடுக்க வேண்டும். பலகையின் இரண்டு முகங்களில் எதில் ஓவியம் தீட்டுவது? எதுவானால் என்ன என்று தோன்றும். பலகையின் முனையைப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் வில்போல் வளைந்து தெரியும். மரத்தின் பட்டையை நோக்கிய முகத்தில் வளையங்கள் முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. அதாவது அந்த முகம் பெரும்பாலும் தொடுகோட்டுத் திசை. மரத்தின் மையத்தை நோக்கிய முகத்தில் ஆரத் திசையின் பங்கு அதிகம். எனவே உலரும்போது பட்டைப் பக்க முகம் அதிகமாகச் சுருங்கும். மையப் பக்க முகம் குறைவாகச் சுருங்கும். விளைவாகப் பலகை பட்டைப் பக்கம் குழிந்து, மையப் பக்கம் புடைக்கும்.

அனுபவம் மிக்க கைவினைஞர்கள் மையப் பக்கத்தையே ஓவியத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பலகை வளைந்தே தீரும் என்றால் ஓவியப் பக்கம் புடைக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. புடைத்தால் பூச்சில் மெல்லிய கீறல்கள் விழும், அவ்வளவுதான். குழிந்தால் பூச்சு இரு பக்கமும் நெருக்குண்டு, பலகையை விட்டு மேலெழும்பி, செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

வளைவைக் கட்டுப்படுத்த இன்னோர் ஏற்பாடும் உண்டு. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பலகையின் பின்புறத்தில், இழைக்குக் குறுக்கே, இரண்டு பள்ளங்கள் வெட்டுவார்கள். பள்ளத்தின் வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் இருக்கும். விரித்த புறா வாலைப் போன்ற வடிவம். அதே வடிவில் ஓக் போன்ற கடின மரத்தில் செய்த சட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து பள்ளத்துக்குள் தள்ளுவார்கள். சட்டம் ஒரு முனையில் சற்று அகலமாகவும் மறுமுனையில் சற்றுக் குறுகியும் இருக்கும். தள்ளத் தள்ள இறுகும். ரஷ்ய மொழியில் இதன் பெயர் 'ஷ்போன்கா'. இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? பசை கிடையாது, ஆணி கிடையாது. மிகப் பழைய ஐகான்களில் சட்டத்தைப் பின்னால் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். பிற்காலத்தில்தான் இந்தப் பள்ளமும் சட்டமும் வந்தன.

ஏன் பசை கூடாது? சட்டத்தின் இழை படுக்கைவாட்டில் ஓடுகிறது. ஆகையால் அதன் நீளம் மாறாது. பலகையின் அகலமோ மாறிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒட்டிவிட்டால், உலரும் காலத்தில் பலகை சுருங்க விரும்பும், சட்டம் விடாது. பலகை வலுக்கட்டாயமாக இழுபட்டதற்கு இது சமம். இழைக்குக் குறுக்கே மரம் ஒன்று, ஒன்றரை சதவீதம் இழுபட்டாலே கிழிந்துவிடும். சற்று முன் நாம் கணக்கிட்ட அகல மாற்றம் எவ்வளவு? 1.2 சதவீதம்! வாலும் பள்ளமுமான இணைப்போ பலகையைப் பக்கவாட்டில் நழுவ விடுகிறது. முன்னும் பின்னும் வளைய விடுவதில்லை. ஒரு திசையில் தடை, மற்றொரு திசையில் விடுதலை. ரயில் பாலங்களின் ஒரு முனையை உருளைகள்மேல் வைத்துக் கட்டுகிறார்களே, அதே தத்துவம்.

இதை மறந்தவர்களும் உண்டு. மேற்கு ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், வளைந்துபோன பழைய ஓவியப் பலகைகளை மெலிதாக இழைத்து, பின்னால் சட்டங்களால் கூடுபோல் கட்டி, கட்டாயமாகத் தட்டையாக்கினார்கள். குறுக்குச் சட்டங்கள் நழுவும் என்றுதான் எண்ணினார்கள். நாளடைவில் அவை உராய்வால் சிக்கிக் கொண்டன. அதுவரை வளைந்து மட்டும் இருந்த பலகைகள் நீளநீளமாக வெடித்தன. பின்னர் வந்தவர்கள் பல ஓவியங்களில் அந்தக் கூடுகளைப் பாடுபட்டு அகற்ற வேண்டியதாயிற்று. வளைந்த பலகையை நிமிர்த்தியே ஆக வேண்டும் என்ற ஆசைதான் அங்கே பகையானது.

பழைய ரஷ்ய ஐகான்களின் நடுப்பகுதி சற்றுக் குழிவாகவும், நான்கு ஓரங்களும் உயரமாகவும் இருக்கும். அந்தக் குழிவுக்குப் 'பேழை' என்று பொருள்படும் 'கொவ்செக்' என்பது பெயர். உராய்விலிருந்து ஓவியத்தை அது காக்கிறது. 17ஆம் நூற்றாண்டு முதல் இந்த வழக்கம் குறைந்து போயிற்று.

இனி பசைக்கு வருவோம். நம் தச்சர்கள் 'வச்சிரம்' என்று சொல்லும் பொருள் இதுவே: விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுப்பது. ரஷ்யாவில் ஸ்டர்ஜன் என்ற பெரிய மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை உயர்ந்ததாகக் கருதப்பட்டது. இவற்றின் மூலப்பொருள் கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அதன் மூலக்கூறு. நீரில் சூடாக்கினால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது. ஆறும்போது இழைகள் ஆங்காங்கே மறுபடி முறுக்கிக் கொண்டு வலைபோல் ஆகின்றன, கரைசல் கட்டியாகிறது. கொதிக்க வைத்தால் இழைகளே துண்டு துண்டாகிவிடும்; பசைக்கு வலுவிருக்காது. ஆகவே பசைப் பாத்திரத்தை நேராக நெருப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேற்படாமல் சூடாக்குவார்கள்.

பலகையின் முகத்தைக் கூரிய கருவியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நீர்த்த சூடான பசையைத் தடவுவார்கள். அது நுண்துளைகளில் இறங்கிப் பிடித்துக் கொள்ளும். அதன்மேல் பசையில் நனைத்த லினன் துணியை ஒட்டுவார்கள். இதற்குப் 'பவொலொக்கா' என்று பெயர். துணியின் நெசவு சிறிதளவு நீளவும் குறுகவும் கூடியது. அடியில் மரம் அசையும்போது அந்த அசைவை அப்படியே மேலே கடத்தாமல், இடையில் நின்று அது வாங்கிக் கொள்கிறது. மரத்தில் நுண்ணிய வெடிப்பு விட்டாலும் பூச்சு உடனே பிளப்பதில்லை.

துணிக்கு மேலே வருவது 'லெவ்கஸ்'. வெள்ளை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். சுண்ணப்பொடியைச் சூடான பசையில் குழைத்து, தோசை மாவைவிட நீர்க்க, தூரிகையால் பூசுவார்கள். காய்ந்தபின் மறுபடி பூச்சு. இவ்வாறு எட்டு, பத்து முறை. வட ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் ஆகிய சுண்ணப்பாறைத் தூள். இத்தாலியில் கால்சியம் சல்ஃபேட் ஆகிய ஜிப்சம். 1400ஆம் ஆண்டையொட்டி ஓவியக் கலை பற்றி நூல் எழுதிய சென்னினோ சென்னினி என்ற இத்தாலியர், சுட்ட ஜிப்சத்தை நிறைய நீரில் போட்டு, ஒரு மாதம் நாள்தோறும் கலக்கச் சொல்கிறார். கலக்கிக்கொண்டே இருந்தால் அது கல்லாக இறுகாது; பட்டுப்போன்ற மென்மையான படிகத் தூளாகிவிடும். வட நாட்டுச் சுண்ணத்துக்கு வேறொரு சிறப்பு உண்டு. உயர்திறன் நுண்ணோக்கியில் பார்த்தால், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்ப் பாசிகளின் வட்டமான ஓட்டுத் தகடுகள் தெரியும். ஓவியம் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே தோன்றியதா, தெற்கே தோன்றியதா என்று முடிவு செய்ய அறிஞர்களுக்கு இது துணை செய்கிறது.

ஒரே தடவையில் தடிப்பாகப் பூசிவிட்டால் என்ன? இங்கேதான் பசையின் மறுபக்கத்தை அறிய வேண்டும். உலரும் பசை பலமாகச் சுருங்குகிறது. கண்ணாடியின் முகத்தைச் சொரசொரப்பாக்கி, கெட்டியான வச்சிரத்தை ஊற்றி உலரவிட்டால், சுருங்கும் பசை கண்ணாடியையே சில்லுச் சில்லாகப் பெயர்த்து எடுத்துவிடும். அலங்காரக் கண்ணாடி செய்ய இந்த முறையைக் கையாளுகிறார்கள். கண்ணாடிக்கே இந்தக் கதி என்றால், சுண்ணப் பூச்சு எம்மாத்திரம்! ஆகவே பூச்சு மெலிதாக இருக்க வேண்டும். பட்டறைகளில் வழிவழியாக வந்த ஒரு விதியும் உண்டு: மேலடுக்கு கீழடுக்கைவிட வலுவாக இருக்கக் கூடாது. மேலே பசை மிகுந்தால், அது சுருங்கும்போது கீழுள்ள வலுவற்ற அடுக்கைக் கிழித்துக்கொண்டு சுருளும். பசை குறைந்தாலோ பூச்சு மாவாக விரலில் ஒட்டும். தகைவு, திரிபு என்ற சொற்களை அறியாத பட்டறைக்காரர்கள் இந்த எல்லையை விரல் நுனியால் தேய்த்துப் பார்த்தே கண்டார்கள்.

பசையின் சுருக்கத்தை நீங்களே பார்க்கலாம். பழைய அஞ்சலட்டை ஒன்றை எடுத்து ஒரு பக்கம் மட்டும் வச்சிரப் பசையை அல்லது ஜெலட்டின் கரைசலைத் தடவி மேசைமேல் வையுங்கள். முதலில் அட்டை, தடவிய பக்கம் புடைத்துக்கொண்டு வளையும். ஈரத்தால் அந்தப் பக்க நார்கள் பருக்கின்றன. சில மணி நேரத்தில் வளைவு நேரெதிராகத் திரும்பும். உலரும் பசை இழுக்கிறது. மற்றோர் அட்டையில் இரு பக்கமும் தடவி உலரவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். பித்தளையும் இரும்பும் ஒட்டிய ஈருலோகப் பட்டை சூட்டில் வளைவதைப் படித்திருப்பீர்கள். இது அதன் உடன்பிறப்பு. அங்கே வெப்பம் செய்வதை இங்கே ஈரம் செய்கிறது.

லெவ்கஸ் எப்படி அவ்வளவு வெண்மையாக இருக்கிறது? சுண்ணம் வெள்ளை நிறம், அவ்வளவுதானே என்று எண்ணிவிடாதீர்கள். சாக்பீஸ் தூளில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள். அந்த இடம் மங்கி, சாம்பல் நிறமாகிவிடும். தூள் எங்கும் போகவில்லை. வெண்மை மட்டும் போயிற்று. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குள் செங்குத்தாக நுழையும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வர்க்கப்படுத்தினால், எதிரொளிக்கும் பங்கு கிடைக்கும். சுண்ணத்தின் எண் சராசரியாக 1.6; காற்றுக்கு 1. எதிரொளிப்பு சுமார் 5.3 சதவீதம். சுண்ணத்துக்கும் ஆளிவிதை எண்ணெய்க்கும் இடையில், எண்ணெயின் எண் 1.48 ஆகையால், வெறும் 0.15 சதவீதம். ஆயிரக்கணக்கான துகள்களில் பட்டுப் பட்டுத் திரும்பும் ஒளிதான் நமக்கு வெண்மையாகத் தெரிகிறது. எனவே வெண்மையைத் தருவது சுண்ணம் மட்டுமல்ல. துகள்களுக்கு இடையே மாட்டிக்கொண்ட காற்றும்தான். பசையின் எண் 1.53. பசை மிகுந்து காற்று இடைவெளிகளை அடைத்துவிட்டால், வெடிப்பு ஒரு புறம் இருக்க, வெண்மையும் குன்றும். முட்டை வண்ணம் மெல்லிய அடுக்கானதால் அதனூடே ஒளி புகுந்து, இந்த வெண்மையில் பட்டுத் திரும்பி வருகிறது. ஐகான்களில் உள்ளிருந்து ஒளி வருவது போன்ற தோற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக மெருகு. குதிரைவாலி என்னும் ஒரு வகைச் செடி உண்டு. நாம் சோறாக்கும் குதிரைவாலித் தானியம் அல்ல; பூக்காத பழங்காலத் தாவர இனத்தைச் சேர்ந்தது. அதன் தண்டில் சிலிக்கா நிறைந்திருப்பதால் இயற்கை உப்புத்தாளாகப் பயன்பட்டது. அதனாலும் படிகக் கல்லினாலும் தேய்த்து, தந்தம்போல் ஆக்குவார்கள். தங்கத் தாள் ஒட்டும் இடம் இன்னும் வழவழப்பாக இருந்தாக வேண்டும். ரஷ்யாவில் பலேக், ம்ஸ்தியோரா, ஹொலூய் ஆகிய ஊர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஐகான் தொழிலுக்குப் பேர்போனவை. அங்கே முகம் தீட்டுவோர் வேறு, உடை தீட்டுவோர் வேறு. பலகையும் லெவ்கஸும் செய்வோருக்குத் தனித் தொழில்.

இவ்வளவு கவனமாகச் செய்த பலகையும் காலப்போக்கில் முன்புறம் புடைக்கவே செய்கிறது. ஓவியப் பக்கம் பூச்சால் மூடியிருக்கிறது; ஈரம் மெதுவாகவே புகும். பின்பக்கம் வெறும் மரம். காற்று ஈரமாகும்போது பின்பக்க நார்கள் பருக்க முயல்கின்றன. உள்ளே இன்னும் உலர்ந்திருக்கும் மரம் விடுவதில்லை. நெருக்குண்ட நார்கள் சிறிது நசுங்கிப் போகின்றன. மறுபடி உலரும்போது, பழைய அளவைவிடக் குறுகலாகச் சுருங்குகின்றன. ஆண்டுதோறும் இது மீண்டும் மீண்டும் நடக்கிறது. பின்பக்கம் துளித்துளியாகக் குறுகிக்கொண்டே போகிறது. ஆகவே ஓவியத்துக்குக் கேடு செய்வது ஈரமா, வறட்சியா என்ற கேள்வியே பொருத்தமற்றது. மாற்றம்தான் கேடு. எகிப்தின் சினாய் மலையடிவாரத்தில் உள்ள புனித காத்தரீன் மடத்தில் 6ஆம் நூற்றாண்டு ஐகான்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே காற்று பாலைவனக் காற்று. ஆனால் என்றும் ஒரே மாதிரியான பாலைவனக் காற்று.

ரஷ்யக் குளிர்காலம் அப்படியல்ல. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 0.9 கிராம் நீராவியையே தாங்கும். அதே காற்றை அறைக்குள் விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அது 17 கிராமுக்குச் சற்று அதிகமாகத் தாங்க முடியும். இருப்பதோ 0.9 கிராம். ஒப்பு ஈரப்பதம் 5 சதவீத அளவுக்கு விழுந்துவிடும்! மக்களின் மூச்சும் பிறவும் சேர்ந்து அதை ஓரளவு உயர்த்தும் என்றாலும், சூடேற்றிய கட்டடம் மரத்துக்குப் பாலைவனமே. திருவிழா நாளில் நூற்றுக்கணக்கானோர் கூடினால் சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகும்.

ரூப்ளேவின் 'திரித்துவம்' பற்றி அண்மையில் எழுந்த வாதத்தின் மையம் இதுதான். 1929ஆம் ஆண்டு முதல் அது திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில் இருந்து வந்தது. 2022 ஜூலையில் சில நாள் வழிபாட்டுக்காக, பல நூற்றாண்டுகள் அது இருந்த செர்கியேவ் பொசாத் மடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. திரும்பி வந்தபின் கலைக்கூடத்து நிபுணர்கள் ஓவியத்தில் 61 மாற்றங்களைக் குறித்தார்கள். 2023 மே மாதத்தில் அதைத் திருச்சபையிடம் ஒப்படைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஜூனில் மாஸ்கோப் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 2024 ஜூனில் மீண்டும் மடத்துக்குச் சென்றது. வழிபாட்டுக்கென்றே தீட்டிய படம் வழிபடும் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு சாரார் கூற்று. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் பலகைக்கு எந்தக் கட்சியும் தெரியாது. ஓர் இடத்துக் காற்றுக்குப் பழகிய மரத்தை வேறு காற்றுக்குக் கொண்டு போனால், சுருக்கமும் விரிவும் கணக்குப்படியே நடக்கும். ஓவியத்தை எடுத்துச் செல்ல வேண்டாம் என்று நிபுணர்கள் எச்சரித்தது இதனால்தான்.

இடம் மாற்றியே ஆக வேண்டுமானால் ஒரு வழி உண்டு. காற்றுப் புகாத கண்ணாடிப் பேழைக்குள் ஓவியத்தை வைத்து, அதனுள் சிலிக்கா ஜெல் வைப்பார்கள். புதுக் காலணிப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் சிறு பொட்டலமாக வருகிறதே, அதே பொருள். காலணிப் பெட்டியில் அது ஈரத்தை உறிஞ்ச மட்டும் இருக்கிறது. ஓவியப் பேழையில் வைப்பதையோ, முன்கூட்டியே 50, 55 சதவீத ஒப்பு ஈரப்பதத்துக்குப் பழக்கி வைக்கிறார்கள். பேழைக் காற்று அதைவிட வறண்டால் ஜெல் நீராவியை வெளிவிடும், ஈரமானால் உள்ளிழுக்கும். மரத்துக்குப் பதிலாக அது மூச்சு வாங்கிக் கொள்கிறது. மரம் அசையாமல் இருக்கிறது.